அப்பா வாங்கி வந்த பூதக்கண்ணாடி

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "மாத்திரை அட்டையில இருக்கற தேதியைப் படிக்க முடியலடி. கையை நீட்டி நீட்டிப் பாத்தேன், கைதான் வலிச்சுது." உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். ஒருத்திக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இன்னொருத்தி மெனு கார்டைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். கடைசியில் ஒருத்தி, எந்த மாதிரி பூதக்கண்ணாடி வாங்கலாம் என்று என்னைக் கேட்டு, "இதுல நீதானே எங்களுக்கு சீனியர்" என்று முடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு பொம்மை. என் ஃபோன் அதைக் குரலில் "சிரிக்கும் முகம்" என்று வாசித்தது.

சீனியர்தான். உங்களுக்கு இந்த வயதில் வந்திருப்பது வெள்ளெழுத்து. எனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது வேறு. நீங்கள் அந்த வகுப்பில்தான் இருந்தீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது நான் ஒரு குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்தது மட்டும்தான். மற்றதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். காலாண்டுப் பரீட்சைக்குள் போர்டில் இருந்த எழுத்துகளின் நடு காணாமல் போயிற்று. மங்கலாகத் தெரிந்தது என்று சொன்னால் அது சரியில்லை. எங்கே பார்க்கிறேனோ அங்கே யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். சுற்றி எல்லாம் இருக்கும். போர்டின் மரச் சட்டம் தெரியும், டஸ்டர் தெரியும், டீச்சரின் முந்தானை தெரியும். டீச்சர் எழுதிய கணக்கு தெரியாது. சரி, டஸ்டரைப் பார்ப்போம் என்று கண்ணைத் திருப்பினால் டஸ்டர் போய்விடும், கணக்கின் ஓரம் கொஞ்சம் வந்து எட்டிப் பார்க்கும்.

பக்கத்து சீட்டுக்காரி போர்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள். நான் அதைக் கேட்டு எழுதினேன். அவள் லீவு போட்ட நாளில் என் நோட்டு காலி.

அப்பா பட்டணத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பெருங்களத்தூரில் அப்போதுதான் மனை போட்டு விற்ற ஒரு நகரில் வீடு கட்டியிருந்தோம். சுற்றிலும் முள்ளுச் செடி, நடுநடுவே பூசாத செங்கல் வீடுகள். அப்பா காலையில் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடிப்பார், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். முதலில் என்னைத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் என் மூக்கின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா?" எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று ஒன்றை நல்லாயிருக்கு என்றேன். பழுப்பு ஃபிரேம் போட்டுக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். போர்டின் நடு அப்போதும் இல்லை.

"கண்ணாடி போட்டும் தெரியலையா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

அவர் அம்மாவிடமிருந்து ஒரு ஊக்கை வாங்கினார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அதைத் தரையில் எங்கோ போட்டார். "எடு பார்க்கலாம்."

நான் கதவைப் பார்த்தபடி திரும்பினேன். ஓரத்தில், நாற்காலிக் காலுக்கடியில், ஏதோ மின்னிற்று. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அப்பா ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "தரையில கிடக்கற ஊக்கு தெரியுது. சுவரு அகலத்துக்கு இருக்கற போர்டு தெரியலையாம்."

அன்றிலிருந்து ஐப்பசி மழை தொடங்கும் வரை வீட்டில் நான் பாசாங்குக்காரி. திட்டவில்லை, அடிக்கவில்லை. நான் எதையாவது தடுமாறாமல் எடுத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையும் எனக்குத் தெரியாது. பேச்சு நின்றுபோவதை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

பட்டணத்தில் இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனது என்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசந்தது. பெரிய டாக்டர் ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. ஆபரேஷன் கிடையாது. மருந்து கிடையாது. கண்ணாடியும் உதவாது. ஓரங்கள் போகாது, முழுக் குருடு ஆக மாட்டாள்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப கீழ கிடந்த ஊக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"ஓரத்தால பாத்திருப்பா," என்றார் டாக்டர். வேறு ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

அப்பா வெளியே வந்து என் தலையில் கை வைத்தார். கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. கனமாக இருந்தது, கழுத்து வலித்தது. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. பசித்தது.

எங்களை மாடியில் ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். பார்வை குறைந்தவர்களுக்கான உபகரணங்கள் கொடுக்கிற அறை. அங்கே ஒரு அம்மா இருந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் பருத்திப் புடவை, பேசும்போது கைவளையல் மேஜையில் தட்டும். அவர் முதலில் என்னை எந்தப் பலகையையும் பார்க்கச் சொல்லவில்லை.

"உனக்கு என்ன பண்ண முடியலன்னு கஷ்டமா இருக்கு?" என்றார்.

"படிக்க முடியலைங்க," என்றார் அப்பா.

"அவ சொல்லட்டும் சார்."

வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். "போர்டு," என்றேன். அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டார்.

பூதக்கண்ணாடிகள் ஒரு தட்டில் இருந்தன, பாத்திரக் கடை மாதிரி பெரிதும் சின்னதுமாக. அப்பாவின் கை நேராகப் பெரியதற்குப் போயிற்று. உள்ளங்கை அகலம், கருப்புப் பிடி. "இதைக் குடுங்களேன். நல்லாப் பெருசா இருக்கு."

"பெரிய லென்ஸுக்குப் பவர் கம்மி சார். பவர் ஏற ஏற லென்ஸ் சின்னதாத்தான் வரும். கிட்ட வெச்சுப் பாக்கணும்." கோலிக்குண்டு மாதிரி தடித்த ஒரு சின்ன லென்ஸை என் கையில் கொடுத்து, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் தூக்கினார். "எழுத்தை நேரா பாக்காதே. எழுத்துக்கு மேல ஒரு கோடு இருக்கறதா நினைச்சுக்கோ. அந்தக் கோட்டைப் பாரு."

பார்த்தேன். 'ஆ' என்ற எழுத்தின் சுழி கீழே வந்து நின்றது. பிறகு 'று'. ஆறு. ஒவ்வொன்றாக வந்தது. மூச்சு விட்டால் லென்ஸ் பனித்தது, கை நடுங்கினால் எழுத்து ஓடிற்று.

"இவ்வளவு கிட்ட வெச்சா கண்ணு கெட்டுப் போயிடாதா?" என்றார் அப்பா.

"கெடாது சார்."

"எதுக்கும் அந்தப் பெருசு..."

பிறகு அந்த அம்மா ஒரு குழாயை எடுத்தார். கட்டைவிரல் தடிமன், கருப்பு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. டெலஸ்கோப் என்றார். ஜன்னலுக்குக் கூட்டிப் போய் அதை என் கண்ணில் வைத்து, என் விரலை அதன் வளையத்தில் வைத்துத் திருப்பச் சொன்னார். முதலில் சாம்பல் நிறம். பிறகு ஒரு பச்சை. பிறகு சட்டென்று எழுத்து. நான் வாய்விட்டுப் படித்தேன்: "சைக்கிள்கள் இங்கே நிறுத்தக்கூடாது."

அவ்வளவு நாளைக்குப் பிறகு தூரத்தில் நான் படித்த முதல் வாக்கியம் அது. அந்த அம்மா கைதட்டினார். அப்பா எட்டிப் பார்த்து, "ஆமா, சரியாத்தான் சொல்றா," என்றார்.

அன்று குழாயையும் சின்ன லென்ஸையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் பாரிமுனையில் அப்பா என்னை ஒரு கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். வந்தபோது கையில் அட்டைப் பெட்டி. அதற்குள் பெரிய பூதக்கண்ணாடி. அவர் மனசு கேட்கவில்லை.

வீட்டில் ஒரு இடம் தயாராயிற்று. தச்சர் வந்து சாய்வுப் பலகை செய்து கொடுத்தார். அப்பா கழுத்து வளைகிற மேஜை விளக்கு ஒன்று வாங்கினார். அப்போதெல்லாம் குண்டு பல்புதானே. புத்தகத்தில் முகத்தை வைத்தால் பல்பு நெற்றியில் சுடும். தலையில் வைத்த தேங்காயெண்ணெய் காய்ந்து ஒரு வாசனை வரும். எழுதும்போது மூக்கு நுனி தாளில் பட்டு மை ஒட்டிக்கொள்ளும். காலையில் அம்மா ஈரத் துணியால் அதைத் துடைத்துவிடுவாள். அழுத்தித் துடைப்பாள்.

குழாய்க்கு அம்மா ஒரு துணிப்பை தைத்தாள். பாவாடைத் துணியில், சுருக்குக் கயிறு வைத்து. கொடுக்கும்போது சொன்னாள்: "கிளாஸ்ல மட்டும் எடு. ரோட்டுல, பஸ் ஸ்டாண்டுல, நம்ம நகர்ல எடுக்காத. புரியுதா?"

"ஏன்மா?"

"பொண்ணுக்குக் கண்ணு தெரியலன்னு ஊரெல்லாம் சொல்லணுமா? நாளைக்கு உனக்குத்தான் கஷ்டம்."

நாளைக்கு என்றால் கல்யாணம். அப்போது எனக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் ஒன்றும் இல்லை. சரி என்றேன். குழாய் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே போயிற்று.

கிளாஸில் எடுத்ததை நீங்கள் பார்த்தீர்கள். "கப்பல் கேப்டன்" என்று யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவளும் குழுவில்தான் இருக்கிறாள். பரவாயில்லை. கணக்கு டீச்சர்தான் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்னது அது?"

"டெலஸ்கோப் மிஸ். ஆஸ்பத்திரியில குடுத்தாங்க."

"கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்படி பாடம் எடுக்கறது? எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு. கிளாஸ் முடிஞ்சப்பறம் போர்டைப் பாத்து எழுதிக்கோ."

அவர் மோசமானவர் இல்லை. மணி அடித்ததும் லீடரைக் கூப்பிட்டு, "இவ எழுதறவரைக்கும் அழிக்காத," என்று சொல்லிவிட்டுத்தான் போவார். குழாய்க்குள் ஒரு நேரத்தில் வருவது நாலைந்து எழுத்து. அதைப் பார்த்து, குழாயை இறக்கி, லென்ஸை எடுத்து, தாளில் எழுதி, மறுபடி குழாயை ஏற்றி, விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த பீரியட் டீச்சர் வந்துவிடுவார். அவரே அழிப்பார். சாக்பீஸ் தூள் பறக்கிற வாசனை வரும். நான் குழாயைப் பையில் போட்டுவிடுவேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பக்கத்து சீட்டுக்காரி காய்ச்சலில் வரவில்லை. அவளும் பெருங்களத்தூர்தான், தினமும் சேர்ந்துதான் பஸ் ஏறுவோம். சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றேன். தண்ணீர் கணுக்கால் வரை. பஸ்கள் எல்லாம் ஒரே நிறத்தில் நனைந்து நின்றன. நம்பர் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் அதே துடைத்த ஓட்டை. குழாய் பைக்குள் இருந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சுற்றிலும் எங்கள் நகர் ஆட்கள் யாராவது இருப்பார்கள்.

ஒரு பெரியவரிடம், "பெருங்களத்தூர் பஸ் எதுங்க?" என்று கேட்டேன்.

"அதோ நிக்குது பாரு. ஓடு, கிளம்பப் போறான்."

அதோ என்று ஒருவர் கையை நீட்டினால் எனக்கு அந்தக் கை தெரியும். கை எதைக் காட்டுகிறது என்பது தெரியாது. உறுமிக்கொண்டிருந்த ஒன்றில் ஏறினேன். ஜன்னல் படுதாக்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு, ஈரத் துணி நாற்றம். கூட்டத்தில் கண்டக்டர் என் பாஸைப் பார்க்கவே இல்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊர் வருகிற நேரம் தாண்டிப் போனது தெரிந்தது. யாரிடமாவது கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. பஸ் நின்று எல்லோரும் இறங்கியபோது நானும் இறங்கினேன்.

அனகாபுத்தூர். எனக்கு அப்போது அது தெரியாது. குறுகலான தெரு, சாக்கடையும் மழையும் கலந்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து டக் டக் என்று தறிச் சத்தம். ஒரு வீட்டுக் கூரை இறக்கத்தில் ஒதுங்கி நின்றேன். உள்ளிருந்து ஒரு அம்மா வந்தார்.

"ஆரு பாப்பா நீ? இஸ்கூல் டிரெஸ்ல மழையில நனைஞ்சுகினு நிக்கிறியே. வூடு எங்க?"

"பெருங்களத்தூர்."

"பெருங்களத்தூரா! அது எங்க கீது, இது எங்க கீது! இன்னா, பஸ்ஸு மாறி ஏறிட்டியா? நம்பர் பாக்கலியா?"

"கண்ணு தெரியாதுங்க."

அதைத்தான் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்கள். சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. "உள்ள வா மொதல்ல," என்றார் அந்த அம்மா.

உள்ளே பாதி வீட்டைத் தறி அடைத்திருந்தது. கஞ்சி போட்ட நூல் வாசனை. அவர் ஒரு பழைய புடவையால் என் தலையைத் துவட்டிவிட்டு, புத்தகங்கள் நனையாமல் இருக்கப் பையைக் கொட்டினார். சுருக்குப்பையும் விழுந்தது. அவருடைய பிள்ளைகள் அதைப் பிரித்துக் குழாயை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அதைத் தலைகீழாகக் கண்ணில் வைத்து, "யம்மா, நீ இன்னாமா இம்மாந்தூரம் போயிட்ட!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது வேறு மாதிரி இருந்தது. ஆளுக்கொரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான் தறியின் மறுகோடியைப் பார்த்தேன். நீலமும் சிவப்புமாக நூல்கள், தனித்தனியாக, ஒன்றும் விட்டுப்போகாமல். வீட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மாவின் கணவர் தறியை நிறுத்திவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் நகரே கூடியிருந்தது. குடைகள், டார்ச் வெளிச்சம். அவர் எல்லோருக்கும் கேட்கிறாற்போல், "பாப்பாக்குக் கண்ணு தெரியாதாமே சார், தனியா வுடலாமா?" என்றார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அப்பாதான் அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லி மறுபடி கதவைத் திறந்தார்.

அன்று அம்மா என்னிடம் பேசவே இல்லை. அப்பா குழாயையும் சின்ன லென்ஸையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதெல்லாம் இருக்குங்கற தைரியத்துலதானே தனியா பஸ் ஏறினே?" என்றார். "படிக்க இது போதும்," என்று பெரிய பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார்.

அதில் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. மல்லிகை மொட்டு, அரிசி, என் நகம். எழுத்துகூடத் தெரிந்தது, எழுத்தின் நடுவில் இருந்த ஓட்டைதான் மூடவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்கு அதைத்தான் கொண்டுபோனேன். கேள்வித்தாள் வந்தது. என் பெயரை எழுதினேன். லென்ஸை வைத்தேன், எடுத்தேன். பிறகு பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வைக்கு வந்த டீச்சர், "எழுதலையாம்மா?" என்றார்.

"எழுதிட்டேன் மிஸ்."

எல்லாப் பரீட்சையும் அப்படித்தான் போயிற்று. பயம் இல்லை, வெட்கம் இல்லை. உள்ளே மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அந்த மாதிரி.

ஹெட்மிஸ்ட்ரஸ் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். "எங்களுக்கு இதுல அனுபவம் இல்ல சார். பார்வை இல்லாத பிள்ளைங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலோட. அங்கதான் அவளுக்கு நல்லது." அப்பா வரும்போது பச்சை வர்ணம் அடித்த ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். அம்மா என் துணிகளில் சிவப்பு நூலால் அடையாளம் தைக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுத்தேன். போக இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஹாஸ்டலில் சேர்க்க டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டியிருந்தது. பொங்கல் முடிந்து மூன்று பேரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையெழுத்துப் போடும் முன், "மாடியில காட்டிட்டு வாங்க," என்றார்.

மாடி அறையில் அந்த வளையல் அம்மா என்னிடம் கேட்டார்: "குழாய் எப்படி இருக்கு?"

"பீரோவுல இருக்கு."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பஸ் மாறிப் போன கதையைச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "பஸ் ஸ்டாண்டுல குழாயை எடுத்துப் பாத்தியா?"

நான் அம்மா இருந்த பக்கம் திரும்பினேன்.

"நான்தான் வெளியில எடுக்கக்கூடாதுன்னேன்," என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்துட்டுப் போறாங்க. அவளுக்கு பஸ் நம்பர் தெரியணுமில்ல?"

"உங்களுக்குச் சொல்றது சுலபம்," என்றாள் அம்மா. குரல் கெட்டியாக இருந்தது. "அந்தத் தெருவுல நாளைக்கும் நான்தான் நடக்கணும்."

அந்த அம்மாவின் வளையல் சத்தம் நின்றது. "நீங்க சொல்றது சரிதான்," என்றார். "தப்பு என்கிட்டயும் இருக்கு. இவ போர்டுன்னு சொன்னா, நான் போர்டுக்கு மட்டும் குடுத்தேன். பஸ்ஸைக் கேக்கல, வீட்டைக் கேக்கல. கையில பிடிக்கற லென்ஸைக் குடுத்தேன், இவ கை நடுங்குது. பரீட்சையில எப்படி எழுதுவா?"

அன்று மத்தியானம் முழுக்க அந்த அறையில் இருந்தோம். ஒவ்வொன்றாகக் கொடுத்து, எழுத வைத்து, நடக்க வைத்து, படியிறங்க வைத்துப் பார்த்தார். கடைசியில் தேறியவை: தாள் மேல் தானாக நிற்கிற, கால் வைத்த ஒரு லென்ஸ். அதை நகர்த்தினால் போதும், பிடிக்க வேண்டாம். உள்ளங்கைக்குள் மறைகிற ஒரு சின்ன டெலஸ்கோப். பழையதைவிடப் பவர் குறைவு, ஆனால் ஒரு முழு வார்த்தை தெரிந்தது. நடுவில் ஒரு வரி அளவுக்கு வெட்டிய கருப்பு அட்டை, வரி தப்பாமல் இருக்க. தடித்த கருப்புப் பேனா. முதல் பெஞ்ச், ஜன்னல் முதுகுப் பக்கம்.

பிறகு ஒரு பக்கத்தை எடுத்து வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மெதுவாக, ஒரு பாரா முழுவதும். கையெழுத்தாகாத சர்டிஃபிகேட் தாள் மேஜையில் இருந்தது.

"கண்ணால படிக்கிற பொண்ணை விரலால படிக்கிற ஸ்கூல்ல எதுக்கு சார் சேக்கறீங்க?" என்றார்.

அப்பா தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். முழு ஆண்டுப் பரீட்சையில் உங்களோடுதான் தேறினேன். கணக்கில் மட்டும் மயிரிழையில். என் பார்வை இன்னும் சில வருஷம் இறங்கி, ஒரு இடத்தில் நின்றுகொண்டது. எத்தனையோ கண்ணாடிகள் மாறின. அந்த முதல் குழாய் வீடு மாறும்போது எங்கோ போயிற்று, தேடவில்லை. ஆகவே கேட்டவளுக்குச் சொல்கிறேன்: கடைக்குப் போகும் முன் எதைப் படிக்க வேண்டும், எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில் என்று யோசி. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போ. கடைக்காரருக்காக நல்லாயிருக்கு என்று சொல்லாதே.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. பூங்கா நிலையத்தில் ஏறி, எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஒரு பக்கம், அப்பாவும் அம்மாவும் எதிரே. மாம்பலம் தாண்டியது, சைதாப்பேட்டை தாண்டியது. கிண்டியில் வண்டி நின்று கிளம்பியபோது அப்பா கேட்டார்.

"பாப்பா, இப்ப என்னைப் பாரு. உனக்கு என்ன தெரியுது?"

அதுவரை எல்லோரும் என்னிடம் தெரியுதா, தெரியலையா என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் அவரைப் பார்த்தேன்.

"உங்க காது தெரியுதுப்பா. ரெண்டும். சட்டைக் காலர் தெரியுது. தலைக்கு மேல அந்த இரும்பு வளையம் ஆடறது தெரியுது."

"மூஞ்சி?"

"அது இல்ல."

"இல்லன்னா? மங்கலாவா?"

"இல்லப்பா. அந்த இடம் இல்ல."

பரங்கிமலை வந்தது, போயிற்று. அப்பா எழுந்தார். இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்து என் பெஞ்சில், எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

"இப்ப?"

நான் ஜன்னலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் அப்பா முழுதாக இருந்தார். மூக்குக்கண்ணாடி, மீசை, வாய். வாய் கொஞ்சம் கோணியிருந்தது.

"தெரியுதுப்பா."

"ம்," என்றார்.

எதிரே அம்மா இருந்தாள். அவள் காதும் தோளும் முந்தானையும் இருந்தன. "என்னையும் அப்படித்தானா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் எழுந்து வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சரிபாதி வெளிப்பக்கம் திருப்பி, "அரிசி ஊறப் போடலை. போனதும் கடையில மாவுதான் வாங்கணும்," என்றாள்.

"வாங்கிக்கலாம்," என்றார் அப்பா. அதே குரலில், "அந்த டிரங்குப் பெட்டியில உளுந்தைப் போட்டு வெச்சுக்கோ," என்றார்.

தாம்பரம் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தேன்.